புள்ளி வைத்த ஊமைகள்

என் வீட்டுக்காரரை அச்சகத்தில் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரும்புள்ளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மெய்ப்புப் பார்க்கிறவர். அச்சுக்குப் போகிற தாளில் பிழை இருக்கிறதா என்று தேடிப் பிடிப்பது வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மெய்யெழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளியைக்கூட அவர் தவறவிட்டதில்லை என்பதால் வந்த பெயர் அது. வலது கண்ணில் ஒரு குட்டி உருப்பெருக்கியைச் செருகிக்கொள்வார், இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், தாளின் மேல் கவிழ்ந்துவிடுவார். அந்த நேரத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. மற்ற நேரத்திலும் நான் பேசுவது விழாது என்பது வேறு விஷயம்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெட்டி அரட்டை கிடையாது. கல்யாணமான புதிதில் இதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். என் கண்ணே பட்டிருக்க வேண்டும். லேசர் வந்து சேர்ந்தது.

அச்சகத்தில் ஒரு பழைய இயந்திரத்தைக் கழித்துக் கட்டினார்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. சிவப்பு ஒளி தருகிற லேசர், செத்துப்போனது. குப்பைக்குப் போகவிருந்ததைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் எனக்குத் தட்டு வைக்க இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறைச் சுவரில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

"வந்துருச்சும்மா" என்றார்.

"என்ன வந்துச்சு?"

"உயிர்."

எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அதன் பிறகு பின்னறை அவருடையதாகிவிட்டது. ஜன்னலில் கறுப்புத் தாள், அலமாரி நிறைய லேசர். மருத்துவமனை கழித்தது, நடன அரங்கு தூக்கிப் போட்டது, ஆய்வகம் ஏலம் விட்டது என்று எங்கெங்கோ இருந்து வந்து சேரும். இவரைப்போலவே மறை கழன்ற நாற்பது பேர் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் 'ஓடுமா தெரியாது' என்று யாராவது போட்டால் போதும், இவர் முந்திக்கொண்டு வாங்கிவிடுவார். ஓடுகிற லேசரை வாங்கச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். பழுது என்றால் பல் தெரியும். மின்பெட்டியைப் பார்ப்பார், விசிறியைப் பார்ப்பார், பிறகு உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் திருகை முடியளவு முடியளவாகத் திருப்புவார். "இவன் பொய் சொல்றான். பழுது இங்க இல்ல" என்று அதனோடு வாதம் வேறு. பழுது சரியான மறுநாளே அதன்மேல் ஆசை விட்டுப்போகும். விற்றுவிடுவார். கல்லூரி ஆசிரியர்கள் வாங்குவார்கள், மேடை விளக்குக்காரர்கள் வாங்குவார்கள், அந்த நாற்பது பேரும் தங்களுக்குள் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வார்கள்.

நான் தபால் நிலையத்தில் பார்சல் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவள். அதனால் கட்டுவது, ஒட்டுவது, முகவரி எழுதுவது எல்லாம் என் தலையில். ஆபீசில் நாள் முழுக்கக் கட்டு, வீட்டுக்கு வந்தாலும் கட்டு. என் பேனா வேறு மை கக்கும். விரலெல்லாம் கறுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். லேசர் விஷயத்தில் அவர் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்துக்காகத்தான் நான் அவரை மன்னித்து வைத்திருந்தேன். காப்புக் கண்ணாடி போடாமல் ஒன்றையும் ஓடவிட மாட்டார். கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவார், அதில் பட்டு ஒளி திரும்பிவிடுமாம். நான் மூன்று தட்டுத் தட்டி, அவர் "ம்" சொன்ன பிறகுதான் கதவைத் திறக்கலாம். ஞாயிறு காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் கண் சோதனை உண்டு. சமையலறைச் சுவரில் ஒரு கட்டத்தாள் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, நடுப் புள்ளியை விட்டுப் பார்வையை நகர்த்தாமல், சுற்றியிருக்கும் கோடுகள் நேராகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்தாலோ, எங்காவது அழிந்ததுபோல் தெரிந்தாலோ விழித்திரையில் அடி. "நேரா இருக்கு" என்று அவர் சொல்வார், "நேரா இருக்கு, சட்னி தீயுது" என்று நான் சொல்வேன். ஆறு வருஷமாக இதே பாட்டு.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. அவர் கணக்கில் லேசர் மூன்று சாதி. ஒளி வருவது உயிர். ஒன்றுமே வராதது செத்தது. மூன்றாவது ஊமை. பச்சை லேசருக்குள் முதலில் உண்டாவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. உள்ளே இருக்கிற ஒரு துணுக்குப் பளிங்குதான் அதைப் பச்சையாக்கிக் கொடுக்கும். பளிங்கு இடம் நகர்ந்துவிட்டால் பச்சை வராது. ஆனால் அந்தத் தெரியாத ஒளி அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதைத் தடுக்கிற சின்னக் கண்ணாடியையும் பழுது பார்க்க இவர் கழற்றியிருப்பார். பார்த்தால் செத்ததுபோலவே இருக்கும். கண் கூசாது, அதனால் இமை மூடாது. வலிக்காது. உள்ளே மட்டும் சுட்டுவிடும்.

"வெளிய தழும்பே தெரியாது. ஊமைக்காயம்" என்பார்.

ஊமைகளைத் தனியாகத் தெரிந்துகொள்ள, ஒளி வருகிற துளைக்குப் பக்கத்தில் வெள்ளை வண்ணத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் ஊமை, வீட்டை விட்டுப் போகாது. புள்ளி இல்லாத செத்ததை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மெய்ப்புக்காரர் புத்தி வேறு எப்படிப் போகும்?

போன மாதம் அச்சகத்தில் ஒரு கூத்து நடந்தது. ஒரு பல் டாக்டர் துண்டு விளம்பரம் அடிக்கக் கொடுத்தார். 'பல் மருத்துவர்' என்று இருக்க வேண்டியது, புள்ளி விட்டுப்போய் 'பல மருத்துவர்' என்று ஐயாயிரம் தாளில் அச்சாகிவிட்டது. டாக்டர் வந்து, "நான் ஒரே ஆளுய்யா, மத்த டாக்டருங்கள எங்கேருந்து கொண்டாருவேன்?" என்று கத்தியிருக்கிறார். அச்சக முதலாளி இவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் இவரைத் தின்றுவிட்டது.

"நான் பாத்தப்ப புள்ளி இருந்துச்சும்மா" என்றார் என்னிடம்.

"அப்ப அது எந்திரிச்சு நடந்து போயிருச்சா?"

"சத்தியமா இருந்துச்சு."

"தப்பு பண்ணா பண்ணேன்னு சொல்லிட்டுப் போங்களேன். இதுக்குப் போய் எதுக்குச் சத்தியம்?" என்றேன். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சிரித்துக்கொண்டே பரிமாறினேன். இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நாடகக்காரர் வந்தார். எங்கள் தெருவுக்குப் பின்தெரு. வேலைக்குப் போகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு சின்னச் சின்ன நாடகம் போடுகிறவர். புது நாடகத்தில் ஆராய்ச்சிக்கூடம் வருகிறது, பார்க்க மிரட்டலாக நாலு பெட்டி வேண்டும் என்றார்.

"வேலை செய்யவே வேணாம்ணே. விசிறி உர்ருனு சத்தம் போட்டு, சிவப்பு லைட்டு எரிஞ்சாப் போதும்."

"செத்தது தர்றேன். எடுத்துட்டுப் போங்க" என்று இவர் அலமாரியிலிருந்து மூன்றை இறக்கினார். உருப்பெருக்கியை வலது கண்ணில் வைத்து ஒவ்வொன்றின் துளைப் பக்கத்தையும் பார்த்தார். "மூணுலயும் புள்ளி இல்ல" என்றார். நான் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நானும் பார்த்திருக்கலாம். புள்ளி பார்ப்பதற்கு அவரைவிட ஆள் யார் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அவர் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். கண் சோதனை இன்னும் ஆகவில்லை. நாடகக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணி, சும்மா நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். பெட்டி மூணும் மேடையில வச்சதும் ஆளுங்களே மிரண்டு போயிட்டாங்க. அதுலயும் நடுவுல இருக்குற பச்சைப் பெட்டி சூப்பர். புகையெல்லாம் விடுது."

"புகையா?"

"பின்னாடி கறுப்புத் திரை கட்டியிருக்கோம்ல, அதுல லேசாப் புகையுது. சின்னதா ஓட்டைகூட விழுந்திருக்கு. பரவால்ல, பழைய திரைதான். சரி அண்ணி, ஒத்திகை ஆரம்பிக்கிறாங்க, வச்சிடுறேன்."

குளியலறைக் கதவை மூன்று தட்டெல்லாம் தட்டவில்லை. ஒரே தள்ளாகத் தள்ளிச் சொன்னேன். பாதி முகத்தில் நுரையோடு அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அது ஊமைம்மா."

"புள்ளி இல்லன்னு சொன்னீங்களே!"

"பாத்தேனே. கண்ணாடி வச்சுத்தானே பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீங்க? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

திரும்பக் கூப்பிட்டால் நாடகக்காரரின் கைப்பேசி அணைந்திருந்தது. ஒத்திகையில் எல்லோரும் அணைத்துவிடுவார்களாம். இவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "அந்தக் கட்டத்தாளை எடு, எடு" என்று கத்தினார். நாடகக்காரர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, அரங்கத்தின் முகவரியைப் பேனாவால் உள்ளங்கையில் கிறுக்கிக்கொண்டு, அதே கையால் சுவரிலிருந்த தாளைப் பிய்த்தெடுத்தேன்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் திட்டினேன். வாயை மூடினால் பயம் வந்துவிடும்போல் இருந்தது. யாரோ ஒருவருடைய கண் போய்விடும், போலீஸ் வரும், இவர் வேலை போகும் என்று என்னென்னவோ சொன்னேன். ஒரு சிக்னலில் நின்றபோது அவர், "இதுவரைக்கும் நான் யாரையும் நோகடிச்சதில்லம்மா" என்றார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

அரங்கம் ஒரு மரச்சாமான் கிடங்குக்கு மேல் மாடியில். படிகளில் மரத்தூள் வாசனை. கதவைத் திறந்ததும் அவர் யாரையும் பார்க்காமல், சுவரில் இருந்த மின்சுவிட்சு எல்லாவற்றையும் சடசடவென்று அணைத்தார். விசிறிச் சத்தம் நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் திகைத்து நின்றார்கள். மேடை நடுவில், பச்சைப் பெட்டிக்கு எதிரே, ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பெட்டிக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

"அம்மா, நீங்க எங்க பாத்துப் பேசுனீங்க?" என்று கேட்டார்.

"இதோ, இந்த ஓட்டையப் பாத்துத்தான். அதுதான் என்னை விசாரிக்கிற மெஷின். கண்ணை எடுக்காம பேசணும்னு சொன்னாங்க."

"எத்தனை தடவை?"

"நேத்து நாலு. இன்னிக்கு ஒண்ணு. ஏன் சார்?"

"கண்ணு எரிஞ்சுச்சா? கூசுச்சா?"

"இல்லையே. ஒண்ணுமே தெரியல."

"ஒண்ணுமே தெரியலன்னு சொல்லாதீங்கம்மா" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். துளைக்குப் பக்கத்தில், வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று, வெள்ளைப் புள்ளி இருந்தது. இதையா இவர் பார்க்கவில்லை என்று பல்லைக் கடித்தேன்.

விஷயத்தை நாடகக்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நான்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். "நான் தையல்கடை வச்சிருக்கேன்க்கா. ஊசிக்காதுல நூல் கோக்குற கண்ணு இது" என்றாள்.

அவர் கட்டத்தாளை நீவி அவளுக்கு எதிரே பிடித்தார். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். நடுப் புள்ளியை விட்டு நகரக் கூடாது என்று சொன்னார். தாளின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

"கோடெல்லாம் நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"எங்கயாவது அழிஞ்ச மாதிரி?"

"இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நடுப் புள்ளிக்கு வலது பக்கம், ரெண்டு கட்டம் தள்ளி, ஒரு கறுப்புப் பொட்டு தெரியுது."

அடுத்த கண்ணைப் பொத்தினாள். "இதுலயும் தெரியுது சார். அதே எடத்துல. அது தாள்ல இருக்கா, இல்ல என் கண்ணுல இருக்கா?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், இடது கண் தானாக மூடிக்கொண்டது. நடுப் புள்ளியையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இதுல பொட்டே இல்லம்மா" என்றார். "ரெண்டு கண்ணும்... ஐயோ, ரெண்டு கண்ணும் போச்சே." அப்படியே மேடை விளிம்பில் சரிந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நாடகக்காரர் தள்ளி நின்றிருந்தார். தாள் என் கையில் வந்திருந்தது.

பொட்டு இருந்தது. நடுப் புள்ளிக்கு வலது பக்கம், ரெண்டு கட்டம் தள்ளி. என் பேனா மை. தாளைப் பிய்த்தபோது உள்ளங்கையிலிருந்து ஒட்டியது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பொட்டு அங்கே இல்லாமல் இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அது இல்லையென்றால் பாழானது அந்தப் பெண்ணின் கண். இருக்கிறதென்றால் என் வீட்டுக்காரரின் கண். முன்பின் தெரியாத, ஊசியில் நூல் கோத்துப் பிழைக்கிறவளின் கண்ணைக் கொடுத்து என் புருஷன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள நான் தயாராக இருந்தேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு இருக்குங்க" என்றேன். "தாள்லதான் இருக்கு. என் கை மை." அவளிடம், "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெட்டியின் முன்பக்கம் தூக்கலாகத் தெரியட்டும் என்று அடியில் ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் திரையில் விழுந்திருந்த ஓட்டை அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. செங்கல் காப்பாற்றியிருக்கிறது. இருந்தாலும் மறுநாளே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம், அவளையும்.

அவர் எழுந்து வந்தார். "எங்க?" என்று கேட்டார்.

அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பொட்டின் மேல் வைத்தேன். விரலை எடுத்துவிட்டு இடது கண்ணை மூடினார். பார்வையை மெதுவாக நகர்த்தினார்.

"வருது" என்றார். பிறகு நடுப் புள்ளியைப் பார்த்தார். "போயிருச்சு. வெறும் கட்டந்தான் தெரியுது. நேரா, சுத்தமா." திரும்பவும் நகர்த்தினார். "வருது." திரும்பவும் நடுவுக்கு வந்தார். "போயிருச்சு."

ஒரு பழுதைக் கண்டுபிடிப்பவரைப்போலவே நாலைந்து தடவை செய்து பார்த்தார். எந்த நாளில், எந்த ஊமை பட்டதோ, யாருக்குத் தெரியும்? காணாமல்போன இடத்தைப் பக்கத்தில் இருப்பதை வைத்து மனசே நிரப்பிக்கொள்ளுமாம். பிறகு மருத்துவர் சொன்னார். கோடு இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுக்கொள்ளும். வெறும் பெட்டி என்று நினைத்தால் வெறும் பெட்டியைக் காட்டும்.

நாடகக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் குடிக்கவில்லை. காதோரம் சவர நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. என் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

அவர் ரொம்பத் தணிவாகப் பேசினார்.

"அந்தப் பல் டாக்டர் நோட்டீஸு... நான் பாத்தப்ப புள்ளி இருந்துச்சும்மா."

"இருந்துச்சுங்க" என்றேன். முதல் தடவையாக அதை நம்பினேன்.